ஆறாத கால் புண்: சிகிச்சை ஆய்வுகளைப் படிக்கப் பழகுவது எப்படி?

கணுக்காலுக்கு உள்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஆரம்பித்து, உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகி, வருடக்கணக்கில் ஆறாமல் நிற்கிற புண்ணை யாரிடமாவது பார்த்திருப்பீர்கள். அந்த வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் ஒரு வைத்தியம் இருக்கும். தேன் தடவுங்கள் என்பார் ஒருவர். வெளிநாட்டில் புழு விட்டு ஆற்றுகிறார்களாமே என்பார் இன்னொருவர். லேசர் வைத்தால் சரியாகிவிடும் என்பார் மூன்றாமவர். வேடிக்கை என்னவென்றால், இந்த மூன்றையுமே நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து முடிவுகளையும் அச்சிட்டாயிற்று. நாம்தான் படிப்பதில்லை.

புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலையில் தொடங்கி, இப்போது ஆய்வுகளுக்குப் பதிவேடு எழுதும் வேலைக்கு வந்திருப்பவன் நான். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் இப்படி ஒரு புண்ணைப் பராமரிப்பவர்களுக்கும், நர்சிங் படிப்பவர்களுக்கும் இது போதும். புள்ளியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதல் படி: எந்தப் புண் என்று பாருங்கள்

நம் பேச்சுத் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. ரத்தம் ஓடும் சிரையையும் நரம்பு என்கிறோம், உணர்ச்சியைக் கடத்தும் நரம்பையும் நரம்பு என்கிறோம். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று சொல்லிக்கொண்டு நரம்பியல் டாக்டரிடம் போய் உட்கார்ந்தவர்களை எனக்குத் தெரியும். இங்கே பேசுவது சிரையைப் பற்றி, அதாவது வெரிகோஸ் வெயின் வகையறா.

காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டும். கெண்டைக்கால் தசை அமுக்கித் தள்ளும், சிரைக்குள் இருக்கும் சின்ன வால்வுகள் திரும்பி வராமல் தடுக்கும். வால்வு கெட்டுவிட்டால் ரத்தம் கீழேயே தேங்கும், கணுக்காலில் அழுத்தம் ஏறும், தோல் கறுத்து தடித்துப் போகும். அப்புறம் ஒரு கொசுக்கடியோ, கட்டில் கால் இடித்ததோ போதும், புண் திறந்துகொள்ளும். நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களிடம் இதை நிறையப் பார்க்கிறோம்: பரோட்டா மாஸ்டர், கண்டக்டர், துணிக்கடைப் பெண்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே வந்தது. எத்தனை கடையில் அந்த இருக்கையில் உட்கார விடுகிறார்கள் என்பது வேறு கதை.

ஆனால் காலில் ஆறாத புண் எல்லாமே சிரைப் புண் அல்ல. சர்க்கரை நோயால் உள்ளங்காலில் வரும் புண் வேறு. தமனி அடைத்து, ரத்தமே கீழே வராமல் வரும் புண் வேறு. ஆகவே ஒரு ஆய்வுக் கட்டுரையைக் கையில் எடுத்ததும், யாரைச் சேர்த்தார்கள், யாரைத் தவிர்த்தார்கள் என்ற பத்தியைத் தேடுங்கள். கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்து வரும் ஓர் எண் அங்கே இருக்கும். சிரைப் புண் ஆய்வுகளில் பெரும்பாலும் 0.8க்குக் குறைந்தவர்களைச் சேர்க்க மாட்டார்கள். காரணம் எளிது: தமனியில் ரத்தம் சரியாக வராத காலை இறுக்கிக் கட்டினால் கால் போய்விடும். சர்க்கரைக்காரர்களுக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிட்டால் இந்த எண் பொய்யாகக் கூடிக் காட்டும். அதையும் மனதில் வையுங்கள். வீட்டில் இருக்கும் புண்ணுக்கு இந்த அளவு எடுக்காமலே யாராவது இறுக்கிக் கட்டச் சொன்னால், முதலில் அளவு எடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: கட்டு எப்படிக் கட்டினார்கள்?

என்னைக் கேட்டால் மொத்தக் கட்டுரையிலும் முதலில் படிக்க வேண்டிய வரி இதுதான். புண்ணின் மேல் என்ன தடவினார்கள் என்பதைத் தலைப்பிலேயே போட்டிருப்பார்கள். அதற்கு மேல் என்ன கட்டினார்கள் என்பது உள்ளே எங்கேயோ ஒரு மூலையில் இருக்கும். சிரைப் புண்ணை ஆற்றுவதில் பெரும்பங்கு அந்தக் கட்டின் அழுத்தத்துக்குத்தான். கணுக்காலில் சுமார் 40 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் வர வேண்டும், முழங்காலை நெருங்க நெருங்கக் குறைய வேண்டும்.

லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 1980களில் உருவான நான்கு அடுக்குக் கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பஞ்சுப் பட்டை. கால்விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ் வரை, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூடும்படி சுற்ற வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு துருத்தும் இடத்திலும் கணுக்கால் குழியிலும் கூடுதலாகப் பஞ்சு வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கட்டே புதுப் புண்ணை உண்டாக்கிவிடும். இரண்டாவது கிரேப் பேண்டேஜ், பஞ்சை வழவழப்பாக்குவதற்கு. மூன்றாவது எலாஸ்டிக் பட்டை, எட்டு எழுதுகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாக, பாதி இழுப்பில். இழுப்பு கூடினால் நோயாளி ராத்திரி அவிழ்த்து எறிந்துவிடுவார். குறைந்தால் மறுநாள் காலையில் கட்டு கணுக்காலில் சுருண்டு கிடக்கும். நான்காவது தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் பட்டை. பழகாத கையால் கட்டினால் நான்கு அடுக்கும் வெறும் துணிதான்.

இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழகக் குழு நடத்திய வீனஸ் என்ற ஆய்வு வரிசையின் முதல் ஆய்வு இந்தக் கட்டைப் பற்றியதுதான். 387 பேரைச் சேர்த்து, நான்கு அடுக்குக் கட்டையும் அதிகம் இழுபடாத பட்டைக் கட்டையும் ஒப்பிட்டார்கள். 2004இல் வந்த முடிவு: நான்கு அடுக்கில் பாதிப்பேருக்குப் புண் ஆற 92 நாள், மற்றதில் 126 நாள். எந்தத் தைலமும் மாறவில்லை, கட்டு மட்டும்தான் மாறியது. ஒரு மாதத்துக்கும் மேல் வித்தியாசம்.

ஆகவே ஒரு புது மருந்து புண்ணை ஆற்றியது என்று கட்டுரை சொன்னால், இரண்டு குழுவுக்கும் ஒரே மாதிரி அழுத்தக் கட்டு போட்டார்களா என்று பாருங்கள். மருந்துக் குழுவுக்கு வாரம் இரண்டு முறை கைதேர்ந்த சிஸ்டர் கட்டு மாற்றி, மற்றவர்களை "வழக்கமான சிகிச்சை" என்று அவரவர் பாட்டுக்கு விட்டிருந்தால், ஆற்றியது மருந்தா சிஸ்டரா என்று யாருக்கும் தெரியாது.

அதே வரிசையின் நான்காவது ஆய்வு 2014இல் வந்தது. கட்டுக்குப் பதில் இரண்டு அடுக்கு அழுத்தக் காலுறை போட்டுப் பார்த்தார்கள். காலுறையில் 99 நாள், நான்கு அடுக்குக் கட்டில் 98 நாள். ஆறிய பிறகு மறுபடி புண் வந்தவர்கள் காலுறைக் குழுவில் 14 சதவீதம், கட்டுக் குழுவில் 23. "அப்போ காலுறையே போதுமே" என்று தோன்றும். இன்னும் ஒரு வரி கீழே போங்கள்: ஒதுக்கிய சிகிச்சையைப் பாதியில் மாற்றிக்கொண்டவர்கள் காலுறையில் 38 சதவீதம், கட்டில் 27. போட முடிந்தவர்களுக்கு நல்ல காலுறைதான், ஆனால் எல்லோராலும் போட முடிவதில்லை. நம் ஊர் மே மாத வெயிலில் இரண்டு அடுக்குக் காலுறையை எத்தனை பேர் தாங்குவார்கள் என்பதை அந்தக் கட்டுரை சொல்லாது. அதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

மூன்றாம் படி: யாரை எந்தக் குழுவில் போட்டது யார்?

குலுக்கல் முறையில் பிரித்திருக்க வேண்டும், அந்தக் குலுக்கலும் சிகிச்சை தருகிறவர் கையில் இருக்கக் கூடாது. தெரிந்தே யாரும் ஏமாற்றுவார்கள் என்பதில்லை. "பாவம், இந்தப் பாட்டிக்குப் புது மருந்தே கிடைக்கட்டும்" என்ற நல்ல மனசே போதும், ஆய்வு கெட்டுவிடும்.

சிரைப் புண்ணில் இது கூடுதலாக முக்கியம். எந்தப் புண் ஆறும், எது ஆறாது என்பதை முதல் நாளே ஓரளவு ஊகிக்க முடியும். 10 சதுர சென்டிமீட்டருக்குச் சிறியதாகவும் ஒரு வருடத்துக்கு உட்பட்டதாகவும் இருந்தால் 24 வாரத்தில் ஆறாமல் போக வாய்ப்பு 29 சதவீதம். அதைவிடப் பெரியதாகவும் பழையதாகவும் இருந்தால் 78 சதவீதம். அமெரிக்காவில் டேவிட் மார்கோலிஸ் குழுவினர் ஏராளமான நோயாளிகளின் பதிவுகளிலிருந்து கண்டெடுத்த கணக்கு இது. எனவே கட்டுரையின் முதல் அட்டவணையில் இரண்டே வரிகளைப் பாருங்கள், புண்ணின் பரப்பும் வயதும். ஒரு குழுவில் சின்னப் புண்களாகக் குவிந்திருந்தால் அந்தக் குழு ஜெயிக்கத்தான் செய்யும்.

நோயாளிக்கும் டாக்டருக்கும் தெரியாமல் மருந்தை மறைத்துக் கொடுப்பது மாத்திரையில் சாத்தியம். காலில் புழு ஊர்வதை மறைக்க முடியுமா? அதனால்தான் நல்ல ஆய்வுகளில் புண்ணைப் படம் எடுத்து, எந்தக் குழு என்று தெரியாத இரண்டு பேரிடம் காட்டி ஆறியதா இல்லையா என்று கேட்பார்கள். அப்படிச் செய்தார்களா என்று தேடுங்கள்.

நான்காம் படி: "ஆறியது" என்றால் என்ன?

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது: தோல் முழுக்க மூடியிருக்க வேண்டும், நீர் வடியக் கூடாது, டிரெஸ்ஸிங் தேவைப்படக் கூடாது, இரண்டு வாரம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே இருக்க வேண்டும். ஆனால் பல கட்டுரைகள் "பரப்பு 50 சதவீதம் குறைந்தது" என்றுதான் பேசும். 2 சதுர சென்டிமீட்டர் புண் 1 ஆனால் 50 சதவீதம். 40 இருந்த புண் 30 ஆனால் 25 சதவீதம்தான். எதில் அதிகத் தோல் வளர்ந்திருக்கிறது? இரண்டாவதில் பத்து மடங்கு.

அளவெடுப்பதையும் ஒருமுறை கிட்டத்தில் பார்த்துவிடுங்கள். கோடு போட்ட ஸ்கேலை நீளத்துக்கும் அகலத்துக்கும் வைத்துப் பெருக்குவது பழைய வழி. 4 சென்டிமீட்டர் நீளம், 3 அகலம் என்றால் 12 வரும். புண் முட்டை வடிவத்தில் இருந்தால் உண்மையான பரப்பு ஏறக்குறைய 9.4தான். நல்ல வழி, ஓஎச்பி ஷீட் மாதிரி ஒளி ஊடுருவும் இரட்டைத் தாளைப் புண் மேல் வைத்து, மார்க்கர் பேனாவால் ஓரத்தைச் சுற்றி வரைவது. புண்ணில் பட்ட அடித்தாளைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு மேல்தாளைச் சதுரக் கட்டத்தில் வைத்து எண்ண வேண்டும். ஓரம் எது என்பதில்தான் வம்பு. புதிதாக வளரும் தோல் மெல்லிய ரோஸ் நிறத்தில், ஈரமாகப் பளபளக்கும். டியூப்லைட் வெளிச்சத்தில் அது புண்ணா தோலா என்று சொல்வது கஷ்டம்.

நானும் இதில் சொதப்பியிருக்கிறேன். முதல் வருகையில் புண்ணின் மிக நீளமான பக்கத்தை அளந்தேன். அடுத்த முறை வேறொருவர் தலையிலிருந்து கால் நோக்கிய நீளத்தை அளந்தார். தாளில் புண் பாதியாகச் சுருங்கியிருந்தது, காலில் அப்படியே இருந்தது. நல்ல வேளை, அந்த அம்மாவே "குறையவே இல்லையே தம்பி" என்று சொல்லிக் காட்டிக்கொடுத்தார். கட்டுரையில் "ஒரே நபர், ஒரே முறையில் அளந்தார்" என்ற வரியைப் பார்த்தால் அதற்குப் பின்னால் இப்படி ஒரு பாடம் இருக்கும்.

புழுவின் கதைக்கு வருவோம். வீனஸ் வரிசையின் இரண்டாவது ஆய்வில் 267 பேர். அழுகல் படிந்த புண்ணில் ஒரு குழுவுக்கு அழுகலைத் தின்னும் புழுவை நேரடியாக விட்டார்கள், ஒரு குழுவுக்குப் பையில் வைத்துக் கட்டினார்கள், மூன்றாவது குழுவுக்கு ஹைட்ரோஜெல், அதாவது புண்ணை ஈரமாக வைக்கும் ஜெல். அழுகல் நீங்கிச் சுத்தமாக, நேரடியாக விட்ட புழுவுக்கு 14 நாள், பைக்குள் இருந்ததற்கு 28, ஜெல்லுக்கு 72. அசத்தலான வித்தியாசம்தான். ஆனால் புண் முழுக்க ஆற எடுத்த நாள்? புழுவுக்கு 236, ஜெல்லுக்கு 245. ஏறக்குறைய ஒன்றே. வலியோ புழு விட்டவர்களுக்கு இரண்டு மடங்கு. சுத்தமாவது வேறு, ஆறுவது வேறு. 14க்கு 72 என்ற எண்ணை மட்டும் விளம்பரத்தில் போட்டால் யார்தான் வாங்க மாட்டார்கள்?

ஐந்தாம் படி: எண்களை வரிசையாக வாசியுங்கள்

லேசர் பற்றிச் சொன்னேன் அல்லவா? அதற்கு எவ்ரா என்ற பிரிட்டிஷ் ஆய்வைத் துணைக்கு எடுத்துக்கொள்ளலாம். 2018இல் வந்தது. முதலில், எத்தனை பேரைப் பார்த்து எத்தனை பேரைச் சேர்த்தார்கள்? 6,555 பேரைப் பார்த்து 450 பேர். அதாவது கட்டுரையின் முடிவு அந்த மாதிரி நோயாளிகளுக்குத்தான் முழுசாகப் பொருந்தும்.

அடுத்து, யாருக்கு என்ன? எல்லோருக்கும் அழுத்தக் கட்டு உண்டு. ஒரு குழுவுக்கு இரண்டு வாரத்துக்குள் லேசர், ரேடியோ அலைச் சூடு, நுரை ஊசி போன்ற ஏதோ ஒரு முறையில் கெட்ட சிரையை அடைத்தார்கள். மற்ற குழுவுக்கு அதைத் தள்ளிப்போட்டு, புண் ஆறிய பிறகோ ஆறு மாதம் கழித்தோ செய்வதாக வைத்தார்கள். ஆக, லேசர் தேவையா இல்லையா என்பது இங்கே கேள்வி இல்லை. உடனே செய்வதா, பிறகு செய்வதா என்பதுதான் கேள்வி. இதைக் கவனிக்காமல்தான் பலர் "லேசர் வென்றது" என்று எழுதிவிடுகிறார்கள்.

முடிவு: உடனே செய்தவர்களில் இடைநிலை 56 நாள், தள்ளிப்போட்டவர்களில் 82 நாள். இடைநிலை என்றால், பாதிப்பேருக்கு அந்த நாளுக்குள் ஆறியது என்று பொருள். உங்கள் அம்மாவுக்கு 56 நாளில் ஆறிவிடும் என்று பொருள் இல்லை. 24 வாரத்தில் ஆறியவர்கள் 85.6 சதவீதம், எதிரே 76.3. அதாவது தள்ளிப்போட்டவர்களிலும் கட்டு மட்டுமே நான்கில் மூன்று பேருக்கு ஆற்றியிருக்கிறது.

இதோடு 2004இல் வந்த எஸ்கார் ஆய்வையும் சேர்த்து வாசித்தால் படம் முழுமையாகும். 500 பேர். கட்டு மட்டும் ஒரு பக்கம், கட்டோடு சிரை அறுவை சிகிச்சை மறுபக்கம். 24 வாரத்தில் இரண்டு பக்கமும் 65 சதவீதம் ஆறியது. ஒரு வருடத்தில் மறுபடி புண் வந்தவர்கள் கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவீதம், அறுவை செய்தவர்களில் 12. எவ்ரா வேகத்தைச் சொல்கிறது, எஸ்கார் திரும்ப வராமல் இருப்பதைச் சொல்கிறது.

சின்ன ஆய்வுகளிடம் மட்டும் உஷாராக இருங்கள். 1994இல் வெறும் 20 பேரை வைத்து நடந்த ஆய்வில் ஆஸ்பிரின் புண்ணை ஆற்ற உதவுவதாகத் தெரிந்தது. 2017இல் நியூசிலாந்தில் 251 பேருக்குக் கட்டோடு தினமும் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் ஒன்றும் இல்லை. இடைப்பட்ட இருபது வருடத்தில் அந்த 20 பேர் எத்தனை மருந்துச் சீட்டில் ஏறியிருப்பார்கள்!

தேன் விஷயமும் நியூசிலாந்திலேயே முடிந்தது. 2008இல், 368 பேர், மானுகா என்ற செடியின் பூவிலிருந்து வரும் தேன் ஊறிய டிரெஸ்ஸிங். 12 வாரத்தில் தேன் குழுவில் 55.6 சதவீதம் ஆறியது, வழக்கமான டிரெஸ்ஸிங்கில் 49.7. தேன் முன்னால் இருப்பது போலத் தெரிந்தாலும் இந்த அளவு இடைவெளி தற்செயலாகவும் வரக்கூடியது. தேன் குழுவில் வலி அதிகம் என்று புகார் சொன்னவர்களும் கூடுதல். சமையலறைத் தேனை எடுத்துத் தடவுகிறவர்கள், இது கிருமி நீக்கிய மருத்துவத் தேன் என்பதையும் கவனியுங்கள்.

ஆறாம் படி: பதிவேட்டைத் திறந்து பாருங்கள்

இது எளிது, ஆனால் யாரும் செய்வதில்லை. இந்தியாவில் நடக்கும் ஆய்வுகளுக்கு சிடிஆர்ஐ என்ற பொதுப் பதிவேடு 2007இலிருந்து இருக்கிறது. மருந்து ஆய்வுகள் ஆரம்பிக்கும் முன்பே அதில் பதிய வேண்டும் என்பது 2009 ஜூனிலிருந்து கட்டாயம். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடலாம், ஆங்கிலத்தில் தேட வேண்டும் என்பதுதான் ஒரே தொல்லை. எதை முதன்மை முடிவாக அளக்கப் போகிறோம் என்று ஆரம்பத்தில் எழுதியிருப்பார்கள். அதைக் கட்டுரையோடு ஒப்பிடுங்கள். பதிவில் "12 வாரத்தில் முழுக்க ஆறுவது" என்றிருந்து, கட்டுரையில் "4 வாரத்தில் வலி குறைந்தது" என்று தலைப்புச் செய்தி வந்தால், நடுவில் என்ன நடந்தது என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஏழாம் படி: உங்களையே ஆய்வில் சேரச் சொன்னால்

பயப்பட வேண்டாம், உடனே கையெழுத்தும் போட வேண்டாம். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். நெறிமுறைக் குழுவின் தொடர்பு விவரம் அதில் இருக்க வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு என்று 2019 மருந்து ஆய்வு விதிகள் சொல்கின்றன. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை நிற்காது.

கேட்க வேண்டியதில் முதல் கேள்வி உங்களுக்கே இப்போது தெரியும்: எந்தக் குழுவில் விழுந்தாலும் அழுத்தக் கட்டு உண்டா? அப்புறம், வாரம் எத்தனை முறை வர வேண்டும், பஸ் செலவு யாருடையது? பல மாதம் ஆறாமல், ஓரம் தடித்து மேலெழும்பிய புண்ணாக இருந்தால், சதைத் துணுக்கு எடுத்துப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தார்களா? ஆய்வு முடிந்து புண் ஆறிய பிறகு போட வேண்டிய காலுறையை யார் தருவார்கள்?

முதல் நாள் எடுத்த புண்ணின் படத்துக்கும், ஓஎச்பி ஷீட்டில் வரைந்த கோட்டுக்கும் ஒரு நகல் கேட்டு வாங்கித் தேதி எழுதி வீட்டு ஃபைலில் வையுங்கள். ஆறு மாதம் கழித்து எந்த டாக்டரிடம் போனாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "ஆரம்பத்தில் எவ்வளவு பெரிசா இருந்தது?" என்பதாகத்தான் இருக்கும்.